கவுண்டி வாரியத்தில் ஒரு நிமிடம் பேசினேன், ஐவரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை: இந்த அவை எப்படித்தான் இயங்குகிறது?

#1 குளக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) என்று சொல்லப் போவதில்லை. அங்குள்ள ஊழியர்களைப் பொதுவெளியில் குறை கூறுவது என் நோக்கமன்று. எங்கள் அஞ்சல் முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த நகரத்தின் எல்லைக்குள் இல்லை என்பதே, சென்ற குளிர்காலத்தில் தெருமுனை வடிகால் ஓக் இலைகளால் அடைத்துக்கொண்டு, மழைநீர் கராஜ் கதவுக்கு அடியில் புகுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கதவின் உட்புறத்தில் ஆறு அங்குல உயரத்தில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது.

நகராட்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். உங்கள் தெரு எங்களுடையதன்று, கவுண்டியைக் கேளுங்கள் என்றார்கள். கவுண்டியின் சாலைத் துறை, இவ்வாண்டுப் பட்டியலில் அந்த வேலை இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பியது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, கவுண்டி மேற்பார்வையாளர் (சூப்பர்வைசர்) வாரியத்தின் கூட்டத்துக்கே போனேன். சிறு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பேச வந்தவர்கள் அதிகம் என்பதால் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று குறைத்துவிட்டார்கள். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. 'நன்றி, அடுத்தவர்' என்றார் தலைவர். மேடையில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தம்மைத் தேர்ந்தெடுத்தவன் எதிரில் நின்று பேசும்போது ஏன் வாய் திறக்கவில்லை? அடுத்தது, இந்த அவை சட்டமன்றமா, நிர்வாகமா? நம் ஊரில் மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுப்பது போல, 'செய்' என்று உத்தரவிடக்கூடிய ஒற்றை மனிதர் இங்கே யாருமே இல்லையா?

#2 ஓய்வுற்ற கணக்கர்

குளக்கரை அவர்களுக்கு வணக்கம். வேறொரு கலிஃபோர்னியக் கவுண்டியின் வரவு செலவுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதல் சந்தேகத்துக்கு விடை எளிது. உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டவும் கூடும்.

இங்குள்ள உள்ளாட்சி அவைகள் அனைத்தையும் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். நிரலில் இல்லாத எதையும் வாரியம் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. நீங்கள் பேசியது 'நிரலில் இல்லாத பொருள்கள்' என்ற பகுதியில். சட்டப்படி ஓர் உறுப்பினர் உங்களிடம் விளக்கம் கேட்டுச் சுருக்கமாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், அல்லது ஊழியரிடம் 'இதைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒப்படைத்திருக்கலாம். ஆனால் கவுண்டி வழக்கறிஞர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும்போது, சுருக்கமான பதில் எங்கே முடிகிறது, விவாதம் எங்கே தொடங்குகிறது என்று சோதித்துப் பார்க்க எவருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே மௌனமாக இருப்பதே பழக்கமாகிவிட்டது. அந்த மௌனத்தை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம்; ஆனாலும் எழுந்து பேசியவருக்கு அது அவமதிப்பாகவே தோன்றும் என்பதை என் பணிக்காலம் முழுவதும் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சந்தேகம் பெரியது. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன. நகரமும் கவுண்டியும் ஒன்றேயான சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 11 உறுப்பினர்கள். மற்ற 57-இலும் ஐந்தே பேர். ஒவ்வொருவரும் ஒரு தொகுதியிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. முதற்கட்டத் தேர்தலிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிவிட்டால் அத்துடன் முடிந்தது. இல்லையேல் முதல் இருவர் நவம்பரில் மோதுவார்கள். ஐந்து இடங்களுக்கும் ஒரே ஆண்டில் தேர்தல் வராது. ஆகவே ஒரே தேர்தலில் வாரியம் முழுவதையும் மாற்றிவிட முடியாது.

இந்த ஐவரே அவசரச் சட்டம் முதல் சாதாரண ஆணைச்சட்டம் வரை இயற்றுகிறார்கள். இவர்களே துறைகளை நடத்தும் நிர்வாகத் தலைமை. நில உபயோகம் குறித்த மேல்முறையீடு வந்தால் நீதிபதிகளைப் போல் அமர்ந்து இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களும் இவர்களே. அன்றாட நிர்வாகத்துக்காக ஒரு தலைமை அலுவலரை நியமித்துக்கொள்கிறார்கள். அவர் இவர்களுடைய ஊழியர். மூன்று வாக்குகள் சேர்ந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். நீங்கள் தேடும் ஆட்சியர் இந்த அமைப்பில் தனி மனிதர் அல்லர். ஐந்தில் மூன்று என்ற எண்ணிக்கைதான் ஆட்சியர்.

உங்கள் வடிகாலைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான செய்தி: எந்த நகரத்திலும் சேராத பகுதியில் இருப்பதால், கவுண்டி வாரியமே உங்கள் நகர மன்றமும் ஆகும். நகரத்துக்குள் வசிப்பவருக்குச் சாலைக்கு ஒரு மன்றம், சிறைக்கும் மருத்துவமனைக்கும் இந்த வாரியம் என்று இரண்டு வாசல்கள் உண்டு. உங்களுக்கு வாசல் ஒன்றுதான்.

#3 கேள்விக்குறி

சட்டம் இயற்றுபவரும் அதைச் செயல்படுத்துபவரும் அதன்மேல் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஐந்து பேர் என்றால், அதிகாரப் பிரிவினை என்று குடியுரிமைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அது கவுண்டி எல்லையோடு நின்றுவிடுகிறதா? இதை மக்களாட்சி என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஐயா பொறுமையாக விளக்கியிருக்கிறார், நன்றி. ஆனால் விளக்கம் கூடக்கூட எனக்கு அச்சமும் கூடுகிறது.

#4 தெற்குக் கலிஃபோர்னியன்

கேள்விக்குறி அவர்களே, இந்த அச்சம் புதிதன்று. நான் வசிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் வாரியத்துக்கு 'ஐந்து குட்டி அரசர்கள்' என்ற பட்டப்பெயர் பல பத்தாண்டுகளாக உண்டு. 2020 தேர்தலுக்குப் பின் ஐந்து இடங்களிலும் பெண்களே அமர்ந்ததால் பட்டப்பெயரைத் திருத்த வேண்டியதாயிற்று.

அளவைச் சொன்னால் புரியும். 2020 கணக்கெடுப்பின்படி எங்கள் கவுண்டியின் மக்கள்தொகை 1,00,14,009. அதை ஐந்தால் வகுத்தால் ஒரு சூப்பர்வைசருக்கு இருபது லட்சம் பேர். வாஷிங்டனுக்குப் போகும் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதியில் ஏறத்தாழ 7.6 லட்சம் பேர்தான். 1910-இல் இங்கே மொத்தமே ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். அன்றும் ஐந்து உறுப்பினர்கள், நூறாண்டுக்குப் பின்னும் ஐந்து உறுப்பினர்கள். ஆண்டு வரவு செலவு 4,500 கோடி டாலரைத் தாண்டுகிறது; ஊழியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருந்தும், எந்த நகரத்திலும் சேராத நிலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். குளக்கரை அவர்களைப் போலவே அவர்களுக்கும் மேயர் கிடையாது.

ஐந்து பேர் மட்டும் இருக்கும்போது, எல்லையை வரைபவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். 1981-இல் வாரியம் தனக்குத் தானே வரைந்துகொண்ட தொகுதி எல்லைகள் லத்தீனோ வாக்காளர்களைச் சிதறடிக்கின்றன என்று 1990-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைகளைத் திருத்தி வரைந்து 1991-இல் தேர்தல் நடத்தியபோது குளோரியா மொலினா வென்று, அந்த வாரியத்தில் அமர்ந்த முதல் லத்தீனப் பெண்மணி ஆனார். இப்போது எல்லை வரைவது 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்தின் வேலை. 2021-இல் முதன்முறையாக அவர்கள் வரைந்தார்கள்.

2024 நவம்பரில், கவுண்டியின் அடிப்படைச் சட்டமான சாசனத்துக்கு 'மெஷர் ஜி' என்ற திருத்தத்தை வாக்காளர்கள் 51 சதவீதத்தைச் சற்றே தாண்டி நிறைவேற்றினார்கள். வாரியம் ஐந்திலிருந்து ஒன்பதாக விரியும். 2028 முதல் நிர்வாகத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆக, கேள்விக்குறி கேட்கும் பிரிவினை எங்கள் ஊருக்கு வருகிறது. ஆனால் வந்த விதத்தைக் கேளுங்கள்: 2020-இல் மக்கள் வாக்களித்துச் சேர்த்த 'மெஷர் ஜே' என்ற திருத்தத்தின் வாசகத்தைச் சாசனத்தின் அச்சுப் பிரதியில் சேர்க்க அலுவலர்கள் தவறியிருந்தார்கள். அந்தப் பழைய பிரதியை வைத்துக்கொண்டு புதிய திருத்தத்தை எழுதியதால், மெஷர் ஜே 2028-இல் தானாகவே நீங்கிவிடும் நிலை ஏற்பட்டது. இது 2025-இல்தான் வெளியே தெரிந்தது. ஐந்து பேருக்கும், அவர்களுடைய வழக்கறிஞர்களுக்கும், வாக்களித்த எங்களுக்கும் சேர்த்தே இது வெட்கம்.

#5 ஓய்வுற்ற கணக்கர்

கேள்விக்குறி அவர்களின் அச்சத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வாரியம் எல்லாவற்றையும் ஆள்வதாகத் தோன்றினாலும், அதன் கைகள் இரண்டு இடங்களில் கட்டப்பட்டிருக்கின்றன.

முதலாவது பணம். 1978-ஆம் ஆண்டில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபொசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. வீடு கைமாறாத வரையில் அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயராது. அந்த வரிப்பணத்தை எந்த அமைப்புக்கு எவ்வளவு பிரிப்பது என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. வாரியம் விற்பனை வரி கேட்க விரும்பினால் வாக்காளர்களிடம் போய் நிற்க வேண்டும். சாண்டா கிளாரா கவுண்டி 2025 நவம்பரில் அப்படித்தான் நின்று, டாலருக்கு 5/8 சென்ட் வரியை ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கியது. கூட்டாட்சி அரசின் மருத்துவ உதவி வெட்டுகளால் கவுண்டி மருத்துவமனைகள் தள்ளாடும் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். மெடிக்கால் (மருத்துவ உதவி), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) போன்றவற்றுக்கு விண்ணப்பம் வாங்குவதும் தகுதி பார்ப்பதும் கவுண்டி ஊழியர்கள். ஆனால் விதிகளை எழுதுவது மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவும் வாஷிங்டனும். 2011-இல் மாநிலச் சிறைகளின் சுமையைக் குறைக்கச் சிறு குற்றவாளிகளைக் கவுண்டிச் சிறைகளுக்கு மாற்றியபோதும் எங்களுக்குக் கிடைத்தது அறிவிப்புத்தான், தேர்வன்று. வரவு செலவுப் புத்தகத்தின் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும் பணம். ஐவரும் உண்மையில் பேசி முடிவு செய்யக்கூடிய மிச்சம் மிகச் சிறிது.

இரண்டாவது, மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கும் அலுவலர்கள். ஷெரிஃப் (கவுண்டிக் காவல் தலைவர்), மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகிய மூவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பு. ஷெரிஃபுக்கு எவ்வளவு பணம் என்று வாரியம் சொல்லலாம். யாரை விசாரிக்க வேண்டும், எப்படி விசாரிக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. சான் மட்டேயோ கவுண்டியில் ஒரு ஷெரிஃபை நீக்க வேண்டும் என்று வாரியம் விரும்பியபோது, 2025 மார்ச்சில் சாசனத்தையே திருத்தும்படி வாக்காளர்களைக் கேட்டு அதிகாரம் பெற்று, அக்டோபரில்தான் நீக்க முடிந்தது.

இந்தக் கட்டு அவிழ்ந்து கிடந்தால் என்னாகும் என்பதற்கு ஆரஞ்சு கவுண்டியைச் சொல்வார்கள். அதை நான் நேர்மாறாகப் படிக்கிறேன். அங்கே கருவூலரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ராபர்ட் சிட்ரன் என்பவர். பள்ளி மாவட்டங்களும் நகரங்களும் ஒப்படைத்த ஏறத்தாழ 750 கோடி டாலரை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கடன் வாங்கி 2,000 கோடிக்கு முதலீடு செய்தார். வட்டி விகிதம் இறங்கிய வரையில் இலாபம் கொட்டியது. வாரியமும் கேள்வி கேட்கவில்லை, ஏனெனில் அந்த வட்டிப் பணத்தை நம்பியே வரவு செலவைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது. 1994-இல் வட்டி ஏறியதும் சுமார் 160 கோடி டாலர் கரைந்தது. டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. மறு ஆண்டு அரை சென்ட் விற்பனை வரி கேட்டார்கள். மக்கள் முடியாது என்றார்கள். 'அவர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், எங்களுக்குப் பொறுப்பில்லை' என்ற சொல் அன்று வாரியத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால், அதிகாரத்தைப் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் நம்ப முடிவதில்லை. ஐந்து பேர் கையில் குவிந்தால் அச்சம். ஆளுக்கொன்றாகச் சிதறினால் கேட்பாரில்லை.

#6 வர்ஜீனியாவாசி

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கே உரியது என்பதைப் புதியவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் எங்கள் வாரியத்துக்குப் பத்துப் பேர்: ஒன்பது தொகுதிகளுக்கு ஒன்பது பேர், கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்து இடங்களுக்கும் சேர்த்தே தேர்தல். 2023 நவம்பரில் நடந்தது. கட்சிகள் வேட்பாளர்களை நிறுத்துகின்றன. சொத்து வரி விகிதத்தை வாரியமே ஒவ்வொரு வசந்த காலத்திலும் முடிவு செய்கிறது. உச்ச வரம்பாக ஒரு விகிதத்தை விளம்பரப்படுத்திவிட்டால் பிறகு அதற்குக் கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது. ஆகவே எங்கள் சண்டையெல்லாம் மார்ச் மாத விளம்பர விகிதத்தைப் பற்றியதுதான். பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. பள்ளி வாரியம் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அதற்கு வரி விதிக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று: வர்ஜீனியாவில் நகரங்கள் கவுண்டிக்குள் அடங்குவதில்லை, 95 கவுண்டிகளும் 38 தனி நகரங்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பெரும்பாலான கவுண்டிகளில் உட்சாலைகளையும் மாநிலப் போக்குவரத்துத் துறையே பராமரிக்கிறது. குளக்கரை அவர்களின் வடிகால் ஃபேர்ஃபாக்ஸில் இருந்திருந்தால், வாரியத்தின் முன் மூன்று மணி நேரம் காத்திருந்தது முழுவதும் தவறான வாசலில் நின்றதாக ஆகியிருக்கும்.

#7 குளக்கரை

இவ்வளவு விளக்கங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. கணக்கர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று வாக்குகள்தான் ஆட்சியர் என்றீர்கள். எங்கள் தொகுதி சூப்பர்வைசர் ஒருவரைச் சம்மதிக்கச் செய்தால், அவரே மற்ற இருவரிடம் பேசி மூன்றைச் சேர்த்துவிட மாட்டாரா? நான் ஏன் மேடைக்குப் போக வேண்டும்?

#8 ஓய்வுற்ற கணக்கர்

ஐயா, இந்த அமைப்பின் மூட்டு அங்கேதான் இருக்கிறது. அவரால் அப்படிப் பேச முடியாது.

பிரவுன் சட்டப்படி வாரியத்தின் பெரும்பான்மையினர் பொதுக்கூட்டத்துக்கு வெளியே ஒரு பொருளைப் பற்றிக் கலந்து பேசக் கூடாது. ஐந்து பேர் அவையில் பெரும்பான்மை மூன்று. ஆகவே உங்கள் சூப்பர்வைசர் ஒரு பொருளைப் பற்றி ஒரே ஒரு சகாவிடம் மட்டுமே தனியாகப் பேசலாம். அந்தச் சகா மூன்றாமவரிடம் போய்ச் சொன்னாலும் குற்றம். உதவியாளர் வழியே தூது அனுப்பினாலும் குற்றம். மின்னஞ்சலில் எல்லாருக்கும் பதில் என்ற பொத்தானைத் தவறி அழுத்தினாலும் சிக்கல். நாங்கள் துறை சார்பில் ஐந்து அலுவலகங்களுக்கும் தனித்தனியே போய் ஒரு திட்டத்தை விளக்குவோம். 'முந்தைய அலுவலகத்தில் என்ன சொன்னார்கள்?' என்று எவராவது கேட்டால் புன்னகைத்துவிட்டுக் கோப்பை மூட வேண்டும். முதன்முறை அப்படி ஒருவர் கேட்டபோது நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். பக்கத்திலிருந்த மேலாளர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

இதனால்தான் மூன்றாம் வாக்கு எப்போதும் பொதுமேடையில் வைத்தே தெரியவருகிறது. தெற்குக் கலிஃபோர்னியன் சொன்ன ஒன்பது பேர் வாரியம் வந்ததும் இந்தக் கணக்கு மாறும்: பெரும்பான்மை ஐந்து ஆகிவிடுவதால் ஒருவர் மூன்று சகாக்களிடம் சட்டப்படியே தனியாகப் பேசலாம். அவை பெரிதானால் பேரமும் பெரிதாகும். இது நல்லதா என்று எனக்குத் திடமான கருத்தில்லை. ஆனால் விரிவாக்கத்தைப் பற்றிய வாதங்களில் இதை எவரும் கவனித்ததாக நான் காணவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒலிவாங்கியின் முன் கிடைக்கும் ஒரு நிமிடம் நீண்ட பாதையின் கடைசிப் படி. முதற்படி உங்கள் தொகுதி அலுவலகத்தில் சாலை, வடிகால் விஷயங்களைக் கவனிக்கும் உதவியாளர். அவரிடம் சேற்றுக்கோட்டின் படத்தையும், அண்டை வீட்டார் கையெழுத்தையும், துறையின் பதில் மின்னஞ்சலையும் கொடுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே கொடுத்துவிட வேண்டும். ஜூன் மாத வரவு செலவு விசாரணைக்குள் பட்டியல் உறைந்துவிடும். அதன் பிறகு புதிதாக நிதி ஒதுக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஐந்தில் நான்கு வாக்குகள் வேண்டும். மூன்றைத் தேடுவதற்கும் நான்கைத் தேடுவதற்கும் உள்ள தூரம் அதிகம்.

அந்த வடிகால் யாருடையது என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சில கவுண்டிகளில் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்று சட்டப்படி தனி அமைப்பு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் 1915-இல் உருவான அத்தகைய மாவட்டத்தின் நிர்வாகக் குழுவும் அதே சூப்பர்வைசர்கள்தான்: நாற்காலியிலிருந்து எழாமலேயே, தலைவர் ஒரு வாக்கியம் வாசித்ததும், கவுண்டி வாரியம் வெள்ளக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகிவிடும். சாண்டா கிளாராவில் அப்படியில்லை. அங்கே நீர் மாவட்டத்துக்குத் தனியாகத் தேர்தல் நடக்கிறது.

#9 ஒருமுறை ஜூரி

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒரு வாசலைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு கவுண்டியிலும் ஆண்டுதோறும் சிவில் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் விசாரணைக் குழு ஒன்று அமைகிறது. பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேர், லாஸ் ஏஞ்சலிஸில் 23 பேர். நான் ஓராண்டு பணியாற்றினேன். எவரும் புகார் எழுதலாம். ஜூரி விரும்பினால் விசாரித்து அறிக்கை வெளியிடும். வாரியம் 90 நாட்களுக்குள்ளும், ஷெரிஃப் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட அலுவலர்கள் 60 நாட்களுக்குள்ளும், ஒவ்வொரு கண்டறிதலுக்கும் 'உடன்படுகிறோம்' அல்லது 'உடன்படவில்லை, ஏனெனில்' என்று எழுத்தில் பதில் தர வேண்டும். பரிந்துரையைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் 'ஏனெனில்' என்ற சொல்லுக்குப் பின் எதையாவது எழுதியாக வேண்டும் அல்லவா? குளக்கரை அண்ணனின் ஒற்றைத் தெருவுக்கு இது தேவைக்கு மீறிய ஆயுதம். ஆனால் நகரங்களுக்கு நடுவே தீவு போல் கிடக்கும் பகுதிகள் அனைத்தின் வடிகால்களும் இப்படியே இருந்தால் எழுதிப் பாருங்கள்.

#10 கேள்விக்குறி

தீவு என்ற சொல் வந்ததால் கேட்கிறேன்: குளக்கரை அவர்களின் பகுதி பக்கத்து நகரத்தோடு சேர்ந்துவிட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடாதா? 150 ஏக்கருக்கு உட்பட்ட தீவுகளைப் பெரும்பாலும் எதிர்ப்பு வாக்கெடுப்பு இல்லாமலேயே நகரத்தோடு சேர்க்க வழி இருப்பதாகப் படித்தேன்.

#11 ஓய்வுற்ற கணக்கர்

வழி இருக்கிறது. 1963 முதல் ஒவ்வொரு கவுண்டியிலும் எல்லைகளை முடிவு செய்யும் ஆணையம் ஒன்று உண்டு. அதில் கவுண்டி உறுப்பினர்களும் நகர உறுப்பினர்களும் அமர்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தை நகரம்தான் தர வேண்டும். பழுதான வடிகாலோடு வரும் தெருவை எந்த நகரமும் ஆசையாகக் கேட்டு வாங்குவதில்லை.

#12 குளக்கரை

எட்டு மாதங்களுக்குப் பின் இந்த இழைக்குத் திரும்பி வந்திருக்கிறேன். கணக்கர் ஐயா சொன்னபடியே தொகுதி அலுவலகத்தின் உதவியாளரை மார்ச் மாதம் சந்தித்தேன். அவர் இளைஞர், என் படங்களைப் பார்த்துவிட்டு, 'இதற்கு முன் எங்களிடம் வந்தீர்களா?' என்றுதான் முதலில் கேட்டார். வாரியத்தில் பேசினேன் என்றேன். அவருக்கு அது தெரியவில்லை. வடிகால் கவுண்டிச் சாலைத் துறையுடையது என்று ஒரு வாரத்தில் உறுதியாயிற்று; ஜூன் மாதப் பட்டியலில் வேலை இடம்பெற்றது. ஒப்பந்தம் மட்டும் வாரியத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

சென்ற செவ்வாயன்று மறுபடியும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நிரலில் எங்கள் தெருவின் பெயரைத் தேடினால் இல்லை. சாதாரண விஷயங்களை மொத்தமாக நிறைவேற்றும் ஒப்புதல் பட்டியலில், 37-ஆம் பொருளாக, 'பல்வேறு இடங்களில் மழைநீர் வடிகால் சீரமைப்பு' என்று ஒரு வரி. அதன் இணைப்பில் ஓர் அட்டவணை. அட்டவணையின் பதினான்காம் வரிசையில் எங்கள் தெரு, ஓர் எழுத்துப் பிழையோடு. பேசுவதற்குச் சீட்டு எழுதத் தொடங்கியவன், பட்டியலிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கச் சொன்னால் தனி விவாதத்துக்குப் போய்விடுமோ என்று நினைத்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், செயலர் ஐந்து பெயர்களை வாசித்தார், ஐந்து 'ஆம்'. அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் அத்துடன் நிறைவேறின. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எழுத்துப் பிழையால் ஒப்பந்தக்காரர் வேறு தெருவுக்குப் போய்விடக் கூடாதே என்று அன்று மாலையே உதவியாளருக்கு எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்தது: 'திருத்திவிட்டோம். இதற்கு வாரியத்தின் வாக்கு தேவையில்லை.'